பிளக் பாயிண்டும் தொழிலாளியின் உரிமையும்

அறையில் இன்னொரு பிளக் பாயிண்டு வேண்டும் என்று ஒரு தொழிலாளி கேட்டால் அது ஆடம்பரக் கோரிக்கையாகிவிடுமா? ஆகிவிடும் என்று எண்ணுகிற வீட்டுக்காரர்களும் கொந்திராத்துக்காரர்களும் சிங்கப்பூரில் இன்னும் இருக்கிறார்கள். கட்டில் கொடுத்தோம், விசிறி கொடுத்தோம், விளக்கும் எரிகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அவர்கள் வாதம். விளக்கு எரிந்தால் போதும் என்றிருந்த காலம் நமக்குத் தெரியாததல்ல. பொழுது சாய்ந்ததும் மோட்டாரை ஓட்டி, இரவு முற்றுமுன் நிறுத்திவிடுகிற தோட்டங்களில், லயத்து வீட்டுக்கு ஒரு பல்பு என்பதே பெருஞ்செல்வமாக இருந்தது. இன்று நிலை அதுவா? வேலைக்கு ஆளெடுப்பது கைபேசியில், சம்பளம் வந்து விழுவது கைபேசியில், ஊருக்குப் பணம் அனுப்புவதும் அதே கைபேசியில். அதற்கு உயிர் ஊட்டுகிற துளை சுவரில் ஒன்றே ஒன்று, அறையில் ஆட்களோ ஆறு பேர், எட்டுப் பேர் என்றால், அங்கே என்ன நடக்கும் என்பதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

ரப்பர் தொழிலாளர் பத்திரிகைக்கும் சிங்கப்பூர்ச் சுவரிலுள்ள பிளக்குக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. மண்டாயும் நீ சூனும் செம்பவாங்கும் ஒரு காலத்தில் ரப்பர் மரம் நின்ற மண். இன்று அங்கே மரம் நின்ற இடத்தில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் ஜொகூர்ப் பாலம் கடந்து போய் அறை எடுத்துத் தங்கி வேலை செய்கிறார்கள். தோட்டத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும், அக்கரையில் ஒரு மகனோ மருமகனோ தங்கையோ இருக்கக் காண்கிறோம். அவர்கள் படுத்துறங்குகிற அறையின் சுவருக்குள் என்ன ஓடுகிறது என்பது நம் கவலைதான்.

இன்னொரு சம்பந்தமும் உண்டு. இதைப் பலர் மறந்துவிட்டார்கள். மின்சாரக் கம்பிக்குத் தோல் போர்த்தியதே நம் பால்தான்! உலகப் போருக்கு முன்னும் பின்னும் பல ஆண்டுகள் வீடுகளுக்குள் இழுத்த வயர் எல்லாம், கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் உறை போட்ட வயர். அந்தக் கந்தகம் செம்பைத் தின்றுவிடும் என்பதால் செம்புக் கம்பிக்கு ஈயம் பூசுவார்கள். அதற்கும் முன்னே, 1843ல், சிங்கப்பூரில் டாக்டராக இருந்த வில்லியம் மாண்ட்கோமரி என்பவர் மலாயாக் காட்டு மரத்துப் பாலாகிய கெட்டா பெர்ச்சாவை இலண்டனுக்கு அனுப்பிக் காட்டினார். 1851ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு அதுதான் உறை. கரண்டு வெளியே கசியாமல் காத்து நின்றது மரத்தின் பால். ஆனால் ரப்பருக்கு முதுமை உண்டு. சூட்டிலும் காற்றிலும் இருபத்தைந்து முப்பது ஆண்டு கிடந்தால் அது விறைத்து, வெடித்து, விரல் பட்டாலே பொரிப் பொரியாய் உதிரும். பால்காட்டில் கோப்பையில் காய்ந்து கிடக்கிற பழஞ்சிரட்டுப் பாலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்னர் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் உறை வந்து ரப்பரை ஒதுக்கிவிட்டது. ஆனால் பழைய கட்டடத்தில் யார் எந்த மூலையில் எதை மாற்றினார்கள், எதை மாற்றாமல் விட்டார்கள் என்பது சுவரைப் பார்த்தால் தெரியாது.

தேக்காவுக்குப் பக்கத்திலுள்ள மெக்கன்சி ரோட்டில்தான் டிராம் வண்டி ஓட்டுவதற்கென்று மின்சார நிலையம் கட்டினார்கள். டிராம் 1905ல் ஓடியது. அந்த நிலையத்திலிருந்து மொத்தமாகக் கரண்டு வாங்கித்தான் 1906ல் நகராண்மையினர் ராஃபிள்ஸ் பிளேஸ் முதலிய இடங்களில் தெருவிளக்குப் போட்டார்கள். ஆக, சிங்கப்பூரில் மின்சாரம் பிறந்து தவழ்ந்தது நம் ஆட்கள் மிகுந்து வாழ்ந்த சிராங்கூன் சாலைக்கு அண்டையில்! பிறந்த இடத்துக்கு அருகிலேயே அது மிகவும் பழசாகிப் போயிருக்கிறது என்பதுதான் வேடிக்கை. கீழே கடை, மேலே அறைகள் என்று நிற்கிற பழைய கடைவீடுகளைக் கட்டியவர்கள், மாடிக்கு ஒரு விளக்கு, மிஞ்சினால் ஓர் உருண்டைக்கால் பிளக் என்று கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கில் சோற்றுப் பானையும் இல்லை, சுடுநீர்க் கெட்டிலும் இல்லை, கைபேசியும் இல்லை.

இருக்கிற ஒரு துளையில் ஒரு நீட்டிப்புக் கம்பிப் பெட்டி. அந்தப் பெட்டியில் இன்னொரு பெட்டி. அதன் ஒரு துளையில் மூன்று வாய் அடாப்டர். கம்பி கட்டிலுக்கு அடியில் புகுந்து, துணிப்பெட்டிக்குப் பின்னால் மறைந்து, கதவிடுக்கில் நசுங்கி, அடுத்த கட்டிலில் தலை காட்டுகிறது. தீப் பிடித்தால் மறுநாள் என்ன சொல்கிறார்கள்? குடியிருந்தவரின் அலட்சியம் என்கிறார்கள். குடிமைத் தற்காப்புப் படை ஆண்டுதோறும் வெளியிடுகிற கணக்கில், வீட்டுத் தீக்குக் காரணங்களாக அடுப்பைக் கவனிக்காமல் விடுவதும் மின்சாரக் கோளாறும் முன்வரிசையில் நிற்கின்றன. அந்தக் கணக்கு உண்மை. ஆனால் அலட்சியம் என்ற ஒரு சொல்லைத் தொழிலாளியின் தலையில் கட்டிவிட்டுப் போவதை நாம் ஏற்பதற்கில்லை. எட்டுப் பேருக்கு ஒரு துளை வைத்தது யாருடைய அலட்சியம்?

சரி, ஆபத்து எங்கே இருக்கிறது என்பதையும் நாம் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தவறான பொருளுக்குப் பயந்து, பயப்பட வேண்டியதை மறப்பதில் பயனில்லை. செக்ரோல் எழுதுகிற கிராணி கூட்டிக் கழிப்பதுபோல் கூட்டிப் பார்ப்போம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வீட்டுக்கு வருகிற மின்சாரம் 230 வோல்ட். நாம் பயன்படுத்துகிற சதுரக்கால் பிளக் 13 ஆம்பியருக்கானது. இரண்டையும் பெருக்கினால் 2,990. அதாவது ஒரு பிளக் தாங்கக்கூடியது சற்றேறக்குறைய 3,000 வாட். கைபேசி சார்ஜர் ஒன்று சாதாரணமாக 20 வாட் அளவு இழுக்கும். பத்துப் பேர் பத்து சார்ஜர் மாட்டினாலும் 200 வாட். ஓர் ஆம்பியருக்கும் குறைவு. விசிறி 50 வாட் அளவு. இவற்றால் வயர் சூடாகாது. சூடு உண்டாக்குகிற சாமான்தான் எமன். கெட்டில் 2,200 வாட், இஸ்திரிப் பெட்டி 2,000 வாட், சோற்றுப் பானை 700 வாட் என்று வையுங்கள். மூன்றும் ஒரே பெட்டியில் ஒரே வேளையில் ஓடினால் 4,900 வாட். ஆம்பியரில் 21க்கு மேல். வேலைக்குக் கிளம்புகிற விடியற்காலை ஐந்து மணிக்கு, சாயம் போடுகிறவர் ஒருவர், சோறு வைக்கிறவர் ஒருவர், சட்டை தேய்க்கிறவர் ஒருவர் என்று இது அன்றாடம் நடக்கக்கூடியதுதான்.

பியூஸ் இருக்கிறதே, அறுந்துவிடாதா என்பார்கள். 13 ஆம்பியர் பியூஸ் 14 ஆம்பியரில் அறுந்துவிடும் என்று நம்புவது பிழை. 21 ஆம்பியர் அளவில் அது அரை மணி நேரத்துக்கு மேலும் தாங்கக்கூடும். கெட்டில் கொதிக்க ஐந்து நிமிடம் போதும். ஆக, பியூஸ் அறுவதில்லை, பிளக்கின் பித்தளைக் கால் மட்டும் தினந்தோறும் வேகிறது. சூடு என்பது ஆம்பியர் ஏறுகிற அளவில் ஏறுவதல்ல. ஆம்பியர் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். 13க்குப் பதில் 21 ஓடினால் இரண்டரை மடங்குக்கும் மேலான சூடு. தளர்ந்த ஸ்குரூ, பிடி விட்ட துளை, கறுத்த கால் எங்கே இருக்கிறதோ அங்கே அந்தச் சூடு போய்க் குவியும். பிளக்கைப் பிடுங்கும்போது கை சுடுகிறதா, துளை ஓரம் பழுப்பேறியிருக்கிறதா, மீன் வாடைபோல் ஒரு கெட்ட வாடை வருகிறதா என்று கவனியுங்கள். தீ வருமுன் அனுப்புகிற கடுதாசி அவை.

துளைகளைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வருகிற தம்பிமார் உருண்டைக்கால் பிளக் வைத்த சார்ஜரைக் கொண்டுவருகிறார்கள். மேல்துளையில் ஒரு பேனா மூடியையோ சாப்பாட்டுக் குச்சியையோ செருகி, கீழ்த்துளைகளின் கதவைத் திறந்து, இரண்டு கால் பிளக்கை அமுக்கிவிடுகிற வித்தை அறைக்கு அறை பரவியிருக்கிறது. அந்தக் கதவு எதற்காக வந்தது தெரியுமா? யுத்த காலத்தில் பிரிட்டனில் புது வீடுகளுக்கு எப்படிப்பட்ட பிளக் வேண்டும் என்று ஆராய ஒரு குழு வைத்தார்கள். அதில் கரோலைன் ஹாஸ்லெட் என்ற ஒரு பெண்மணி இருந்தார். மின்சாரத் துறையில் பெண்கள் நுழையப் பாடுபட்டவர். குழந்தை விரலோ ஊசியோ உள்ளே போகாதபடி துளைக்குக் கதவு வேண்டும் என்ற கருத்து அங்கே வலுப்பெற்றது. 1947ல் வெளிவந்த சதுரக்கால் பிளக்கின் விதியில் மேல்கால் நீளமாக இருப்பதன் காரணம் அதுதான். அந்தக் கால் முதலில் நுழைந்து, மண்ணோடு தொடர்பு ஏற்படுத்தி, அதன் பிறகே மற்றத் துளைகளின் கதவைத் திறக்கும். வீட்டில் கரண்டோடு அதிகம் புழங்குபவள் பெண் என்பதை உணர்ந்தவர் செய்த ஏற்பாட்டை நாம் பேனா மூடியால் தோற்கடிக்கிறோம். தேக்காவில் கடைக்குக் கடை அடாப்டர் தொங்குகிறது. அதில் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சிங்கப்பூரில் பிளக், அடாப்டர், நீட்டிப்புப் பெட்டி எல்லாம் அந்த முத்திரையோடுதான் விற்கப்பட வேண்டும் என்பது சட்டம்.

இவ்வளவும் இருக்கிற துளையைப் பற்றிய பேச்சு. தீர்வு, துளையைக் கூட்டுவதுதான். கம்பிப் பெட்டியைத் தரையில் நீட்டுவதைவிடச் சுவருக்குள் சரியான வயர் இழுத்துப் பிளக் பாயிண்டு வைப்பது எந்நாளும் மேல். அதைச் செய்வது எப்படி என்ற இடத்தில்தான் நம் ஆட்களோடு நமக்குச் சற்று வழக்கு இருக்கிறது.

தோட்டத்தில் வயரிங் தெரிந்தவன் என்று பேர் எடுத்தவர் ஒருவர் எப்போதும் இருப்பார். கை சுத்தம், மூளையும் உண்டு, நம்மவர் என்ற பாசமும் உண்டு. இருக்கிற பிளக்கைக் கழற்றி, அதன் பின்னாலிருந்து மூன்று வயரை இழுத்து, இரண்டடி தள்ளி இன்னொன்று வைத்துக் கொடுத்துவிடுவார். கெட்டிலை மாட்டிப் பார்ப்பார். கொதிக்கும். ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். கொதிக்கிறதே, இனி என்ன?

வேலை செய்கிறது என்பது மின்சாரத்தில் சாட்சியே அல்ல. சிவப்பும் கறுப்பும் மாறிப்போய் மாட்டியிருந்தாலும் கெட்டில் கொதிக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே உயிர் இருக்கும். மண்கம்பி அறுந்து தொங்கினாலும் கெட்டில் கொதிக்கும். அதன் உடம்பில் கரண்டு ஏறுகிற நாளில்தான் அறுந்தது தெரியும், தெரிந்து கொள்ள ஆள் இருக்க மாட்டார். பல வீடுகளில் பிளக் பாயிண்டுகளை வட்டமாகக் கோத்திருப்பார்கள். பியூஸ் பலகையிலிருந்து புறப்பட்ட வயர் ஒவ்வொரு பிளக்காய்த் தொட்டுக்கொண்டு பலகைக்கே திரும்பி வரும். யுத்தத்துக்குப் பின் செம்புக்குத் தட்டுப்பாடு இருந்த நாளில் பிரிட்டிஷார் வகுத்த முறை இது. இரண்டு பக்கமிருந்தும் கரண்டு வருவதால் மெல்லிய வயரும் 30, 32 ஆம்பியர் காவலுக்குக் கீழே பத்திரமாய் வேலை செய்கிறது. அந்த வட்டம் ஏதோ ஓரிடத்தில் அறுந்துவிட்டது என்று வையுங்கள். ஒரு பிளக்கும் நிற்காது! எல்லாம் முன்போலவே ஓடும். ஆனால் இரண்டு தோள் சுமந்த பாரத்தை இப்போது ஒரு தோள் சுமக்கிறது. காவல் சுவிட்சோ இரண்டு தோள் கணக்கிலேயே காத்திருக்கிறது. இடையில் புகுந்து புதுப் பிளக் வைக்கிறவர், தாம் கை வைக்கிற இடம் வட்டமா, பலகையிலிருந்து ஒற்றையாய் வருகிற கோடா, ஏற்கனவே யாரோ இழுத்துவிட்ட கிளையா என்று அறியாமல் வைத்தால் என்ன ஆகும்? வட்டத்திலிருந்து பியூஸ் இல்லாமல் பிரிகிற ஒரு கிளையில் ஒரு பிளக்தான், அது ஒற்றையோ இரட்டையோ, இருக்கலாம் என்பது முறை. கிளையிலிருந்து கிளை, அதிலிருந்து மற்றொரு கிளை என்று வளர்த்துவிட்டால் முதல் கிளையின் வயர் மூன்று வீட்டுப் பாரம் சுமக்கும்.

இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அளந்து பார்க்க வேண்டும். வட்டம் முழுமையாக இருக்கிறதா, மண்கம்பி கடைசிப் பிளக் வரை தொடர்கிறதா, சிவப்பு சிவப்பாகவே போகிறதா என்று கருவி வைத்துப் பார்க்க வேண்டும். உறையின் வலிமையை 500 வோல்ட் கொடுத்துச் சோதித்து, ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் தடை இருக்கிறதா என்று காண வேண்டும். உரிமம் பெற்ற மின் தொழிலாளருக்குக் கொடுக்கிற கூலியில் வயர் இழுக்கிற வேலைக்கு ஒரு பங்கு என்றால், இந்தச் சோதனைக்கும் அவர் ஏற்கிற பொறுப்புக்கும் மற்றொரு பங்கு. நம் தோட்டத்து வயரிங்காரருக்குக் கை வராது என்று நாம் சொல்லவில்லை. கருவியும் உரிமமும் இல்லாமல், நாளைக்கு ஒன்று நேர்ந்தால் தாங்குகிற சட்டப் பாதுகாப்பும் இல்லாமல், ஐம்பது வெள்ளிக்கு அவர் தம் தலையை ஏன் அடகு வைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம். இன்னொரு தொழிலாளியின் கூலியை அடித்து நாம் மலிவாக்குவதும் தொழிற்சங்க வழி ஆகாது.

பெரிய இடங்களிலே நடக்கவில்லையா? 1972 நவம்பர் 21ந் தேதி காலை, சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேசில் ராபின்சன் கடை எரிந்தது. ஊரின் பேர்பெற்ற கடை அது. ஒன்பது பேர் மாண்டார்கள். மின்தூக்கிக்குள் அகப்பட்டு வெளியே வர வழியில்லாமல் போனவர்களும் அவர்களில் உண்டு. மின்சாரக் கம்பியில் ஏற்பட்ட ஷார்ட் சர்க்கியூட்டே மூலம் என்று விசாரணையில் முடிவாயிற்று. துரைமார் சாமான் வாங்குகிற கடையின் கூரைக்குள் கிடந்த வயரையே யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்றால், தொழிலாளி படுக்கிற மாடியறை வயரை யார் பார்த்திருக்கப் போகிறார்கள்?

வேறொரு சம்பவமும் நினைவுக்கு வருகிறது. அது மின்சார விபத்து அல்ல; ஆனாலும் சொல்லத் தகும். 1986 மார்ச் 15ல் சிராங்கூன் சாலையும் ஓவன் ரோடும் சந்திக்கிற இடத்தில் ஹோட்டல் நியூ வோர்ல்ட் என்ற ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமாயிற்று. 33 பேர் இறந்தார்கள், 17 பேரை உயிரோடு மீட்டார்கள். கட்டடம் தன் சொந்த எடையைத் தாங்குமா என்ற கணக்கையே போடாமல் விட்டிருந்தார்கள் என்று விசாரணையில் வெளிப்பட்டது. அதன் மேல் காலப்போக்கில் இன்னும் பல பாரங்களை ஏற்றினார்கள். ஏற்றிய ஒவ்வொரு நாளும் கட்டடம் நின்றுகொண்டுதான் இருந்தது! நேற்று நின்றதே, இன்றும் நிற்கும் என்பதைத் தவிர வேறு கணக்கு இல்லை. அதன் பிறகுதான் கட்டடச் சட்டங்களை இறுக்கி, ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று விதித்தார்கள்.

மின்சாரத்துக்குச் சட்டம் இல்லாமலில்லை. சிங்கப்பூரில் 2001ல் ஏற்பட்ட எரிசக்திச் சந்தை ஆணையம்தான் மின் தொழிலாளருக்கு உரிமம் கொடுக்கிறது. பல்பு மாற்றலாம், பியூஸ் மாற்றலாம். வயர் இழுப்பதும் புதுப் பிளக் பாயிண்டு வைப்பதும் உரிமம் பெற்றவரின் வேலை. அவர் பெயர் ஆணையத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று எவரும் பார்த்துக்கொள்ளலாம். அடுத்து, ஆர்.சி.சி.பி. என்ற கசிவுக் காவல் சுவிட்சு. 1985 ஜூலைக்குப் பின் வந்த வீடுகளுக்கு அது கட்டாயமாக இருந்தது. அதற்கு முந்திய பழைய வீடுகளும் 2025 ஜூலை 1ந் தேதிக்குள் அதைப் பொருத்தியாக வேண்டும் என்று 2023ல் விதி செய்தார்கள். நாற்பது ஆண்டு கழித்தாவது வந்ததே என்று மகிழ வேண்டியதுதான். ஆனால் அந்தச் சுவிட்சின் வேலை இன்னது என்று நம் ஆட்களுக்குத் தெளிவில்லை. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு, அதாவது 30 மில்லி ஆம்பியர், யாரோ ஒருவர் உடம்பு வழியாக மண்ணுக்கு ஓடினாலும் அது விழுந்து உயிர் காக்கும். ஒரு பெட்டியில் மூன்று அடுப்பு மாட்டினால் அது விழாது. ஏனெனில் போனதெல்லாம் திரும்பி வருகிறது. அதற்கு எம்.சி.பி. என்ற வேறு காவல்காரன் இருக்கிறான். இவனுக்குக் கசிவு தெரியாது, அவனுக்குப் பாரம் தெரியாது. "எங்கள் வீட்டில் புதுச் சுவிட்சு போட்டாயிற்று, இனி எதை வேண்டுமானாலும் மாட்டலாம்" என்று சொல்வது காய்ச்சல் மாத்திரை தின்றுவிட்டு மழையில் நனைவதற்கு ஒப்பு. மாதம் ஒரு முறை அதன் சோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். விழாவிட்டால் வீட்டுக்காரரிடம் அன்றே சொல்லுங்கள்.

பிளக் கூடினால் கரண்டு கூடிவிடுமா? கூடாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1994க்கு முன் கட்டிய வீடுகள் பலவற்றில் பிரதான சுவிட்சு 30 ஆம்பியர்தான். பின்னால் வந்தவற்றில் 40. முதலாவது 6,900 வாட், இரண்டாவது 9,200 வாட், வீடு முழுவதற்கும். குளிர்சாதனமும் சுடுநீர்ப் பெட்டியும் அதற்குள்ளேதான். ஆகவே கைபேசிக்கும் விசிறிக்கும் இருக்கிற சுற்றிலேயே கூடுதல் பிளக் வைக்கலாம், தவறில்லை. கெட்டிலும் அடுப்பும் ஓடுகிற சமையல் மூலைக்குப் பலகையிலிருந்தே தனிக் கோடு இழுக்க வேண்டும். எது எதற்கு என்று பார்த்துச் சொல்வது உரிமம் பெற்றவரின் வேலை. செலவு செய்வது வீட்டுக்காரரின் கடமை.

இங்கேதான் நம் வழக்கு. 2024 ஜனவரியில், நான்கு அறையும் அதற்கு மேலும் உள்ள கழக வீடுகளில் உறவல்லாத குடியிருப்பாளர் தங்கக்கூடிய எண்ணிக்கையை ஆறிலிருந்து எட்டாக உயர்த்தினார்கள். வாடகைக்கு இடமில்லாமல் திண்டாடியவர்களுக்கு அது உதவிதான், மறுக்கவில்லை. பாலம் கடந்து போன நம் பிள்ளைகள் பலரும் அப்படிப்பட்ட வீடுகளில்தான் அறை எடுக்கிறார்கள். ஆள் இரண்டு கூடினால் வாடகை கூடுகிறது. பிளக் கூடியதா? சுவருக்குள் கோடு கூடியதா? தங்கும் விடுதிகளைப் பாருங்கள். 2015ல் தொழிலாளர் விடுதிச் சட்டம் செய்தார்கள். 2021ல் புது விடுதிகளுக்கு அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது என்றும், கட்டிலுக்குக் கட்டில் ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும் என்றும் வகுத்தார்கள். 2023 ஏப்ரலில் ஏழு கட்டில் உள்ள சிறு விடுதிகளையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். நல்ல காரியம். கட்டிலை எண்ணுகிற அதிகாரி அதே நடையில் கட்டிலுக்கொரு பிளக் இருக்கிறதா என்றும் எண்ணிவிடலாம். கூடுதலாய் ஒரு நிமிடம் ஆகும். இக்கரையிலும் இதே கதைதான். தொழிலாளர் வீட்டு வசதிக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட வீடுகளுக்குப் போதிய மின்சாரம் வேண்டும் என்கிறது. போதிய என்றால் எவ்வளவு? நிர்வாகத்துக்கு ஒரு பல்பு போதும். ஐந்து உருப்படி உள்ள குடும்பத்துக்குப் போதாது. அந்தச் சொல்லுக்கு எண் போட வேண்டியது சங்கத்தின் வேலை.

வீட்டுக்காரர் சொல்வதிலும் ஒரு நியாயம் இல்லாமலில்லை. குடியிருப்பவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், ஆளுக்கொரு சாமான் வாங்கி வருகிறார்கள், எல்லாவற்றுக்கும் நான் வயர் இழுக்க முடியுமா என்கிறார். எல்லாவற்றுக்கும் வேண்டாம். கட்டிலுக்கு ஒன்று, சமையல் மூலைக்குத் தனிக் கோடு; இவ்வளவே. சுவரில் வைக்கிற பிளக் சுவரோடு நிற்கும். குடியிருப்பவர் அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகப் போவதில்லை. கட்டடத்தின் மதிப்போடு சேர்கிற செலவைக் கட்டடத்துக்கு உடையவர் ஏற்பதுதான் முறை. அறையில் தங்குகிறவர் பங்குக்கு, சமையல் சாமானைக் கட்டிலண்டை மாட்டாதிருப்பதும், மின்சைக்கிள் பாட்டரியை வாசற்படியில் இரவெல்லாம் போட்டுவைக்காதிருப்பதும் செய்யட்டும்.

தோட்டப் பள்ளியில் படித்து முடித்து என்ன செய்வது என்று நிற்கிற பிள்ளைகளுக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. மின்தொழில் படிப்பும் அதன் பின் அனுபவமும் இருந்தால் இரு கரையிலும் உரிமம் வாங்கலாம். தமிழில் விளக்கிச் சொல்லக்கூடிய உரிமம் பெற்ற மின் தொழிலாளர் தேக்கா வட்டாரத்துக்கும் வேண்டும், தோட்டங்களுக்கும் வேண்டும். வயரிங் தெரிந்த அண்ணன்மார் தங்கள் கைப்பழக்கத்தைப் பேப்பராக மாற்றிக்கொள்ள முயல்வார்களானால், கிளைச் செயலாளர்கள் மனு எழுத உதவ வேண்டும்.

சிங்கப்பூரில் பிள்ளைகள் உள்ள பெற்றோர் அடுத்த முறை பேசும்போது நான்கு விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: அறையில் எத்தனை பேர், சுவரில் எத்தனை பிளக், கசிவுக் காவல் சுவிட்சு பலகையில் இருக்கிறதா, வீட்டில் கடைசியாக வயர் இழுத்தவர் யார். வீட்டுக்காரரிடம் பிளக் கேட்பதானால் வாய்ப்பேச்சாக வேண்டாம். தேதியிட்டு எழுதிக் கேட்டு, ஒரு படி கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் மின் தொழிலாளரின் பெயரும் உரிம எண்ணும், சோதித்த முடிவும் எழுதிய ரசீது வாங்க வேண்டும். தோட்டக் கிளைகளில் லயம் லயமாகப் பிளக் எண்ணி, வீட்டு எண், உருப்படி எண்ணிக்கை, பிளக் எண்ணிக்கை என்று மூன்று பத்தி போட்ட தாளை, மாதக் கூட்டத்துக்கு முன் கிராணிமார் தயார் செய்து செயலாளரிடம் சேர்க்கவும்.